எகிப்தின் சவப்பெட்டி பேசுகிறது, புதுக்கோட்டையின் தாழி ஏன் பேசவில்லை?

சித்தன்னவாசல் போகாத புதுக்கோட்டைக்காரர் குறைவு. பள்ளிச் சுற்றுலாவில் ஒரு தடவை, கல்லூரி நண்பர்களோடு பைக்கில் ஒரு தடவை, வெளியூர்ச் சொந்தக்காரர்களைக் கூட்டிக்கொண்டு ஒரு தடவை. அறிவர் கோயிலின் தாமரைக் குளம் ஓவியம், மலைமேல் ஏழடிப்பட்டத்தின் வழுவழுப்பான கல் படுக்கைகள், போனில் நாலு படம். திரும்பி வந்துவிடுவோம்.

மலைக்குப் போகிற வழியிலேயே, முட்செடிகளுக்கு நடுவே, செம்புறாங்கற்களும் கருங்கற்களும் வட்ட வட்டமாகக் கிடக்கும். பக்கத்தில் மத்தியத் தொல்லியல் துறையின் அறிவிப்புப் பலகை. யாரும் வண்டியை நிறுத்துவதில்லை. 'ஏதோ கல்லு கிடக்கு' என்று கடந்துவிடுகிறோம். மலைமேல் இருக்கும் ஓவியம் 9ம் நூற்றாண்டுப் பாண்டியர் காலத்தது. கீழே கிடக்கும் அந்தக் 'கல்லு' அதைவிடக் குறைந்தது ஆயிரம் வருஷமாவது மூத்தது. அது ஓர் இடுகாடு.

எகிப்தின் மம்மி என்றால் நமக்கு உடனே ஒரு படம் மனதில் வரும். தங்க முகமூடி, வண்ணச் சவப்பெட்டி, அதன் மேல் கழுகும் கண்ணும் பாம்புமாகச் சித்திர எழுத்து. நம்ம ஊர் இடுகாட்டைப் பற்றி ஒரு படமும் வராது. அங்கே எழுத்து இருக்கிறது, இங்கே இல்லை. அதுதான் முக்கியமான காரணம். ஏன் இல்லை, எழுத்து இல்லாத இடத்தில் எதைப் படிப்பது என்பதுதான் இந்தக் கட்டுரை.

முதலில் எகிப்துக்கு ஒரு நடை

சுமார் 4,000 வருஷத்துக்கு முந்தைய எகிப்தியச் சவப்பெட்டி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். நீளமான மரப்பெட்டி. வெளிப்பக்கம், தலைமாட்டுக்குக் கிட்டே, மையிட்ட இரண்டு பெரிய கண்கள் வரையப்பட்டிருக்கும். அலங்காரத்துக்காக வரைந்தது இல்லை. உள்ளே உடலை இடதுபக்கமாகச் சாய்த்து, முகம் அந்தக் கண்களுக்கு நேராக வருகிற மாதிரி படுக்க வைப்பார்கள். பெட்டியின் அந்தப் பக்கம் கிழக்கு. செத்தவர் அந்தக் கண் வழியாகச் சூரியன் உதிப்பதைப் பார்ப்பார் என்பது நம்பிக்கை.

உள்பக்கம் இன்னும் சுவாரசியம். பலகை முழுக்க மந்திரங்கள். இவற்றை ஆய்வாளர்கள் 'சவப்பெட்டி வாசகங்கள்' என்கிறார்கள். இதே வகை மந்திரங்கள் அதற்கு முன்பு அரசர்களின் பிரமிடுச் சுவர்களில் மட்டும் இருந்தன. கி.மு. 24ம் நூற்றாண்டில் உனாஸ் என்ற மன்னனின் பிரமிடில் அவை முதன்முதலாகச் செதுக்கப்பட்டன. பிறகு அதிகாரிகளும் வசதியானவர்களும் தங்கள் பெட்டிகளில் எழுதிக்கொள்ள ஆரம்பித்தார்கள். அதற்கும் பிறகு பாப்பிரஸ் சுருளில் எழுதிக் கூட வைப்பது வழக்கமாயிற்று. நாம் 'இறந்தோர் நூல்' என்று கேள்விப்பட்டிருப்பது அதுதான். எல் பெர்ஷா என்ற இடத்தில் கிடைத்த சில பெட்டிகளின் அடிப்பலகையில் மறுவுலகத்துக்கு வழிகாட்டும் வரைபடமே இருக்கிறது. எந்தப் பாதை நீர் வழி, எந்தப் பாதை நில வழி, எந்த வாசலில் யார் காவல் என்று. செத்த பிறகும் கூகுள் மேப் தேவைப்பட்டிருக்கிறது!

இத்தனை எழுத்துக்கும் நடுவே ஒன்றுதான் உயிர்நாடி: பெயர். பெயர் அழியாதவரை ஆளும் அழிவதில்லை என்று எகிப்தியர் நம்பினார்கள். அதனால்தான் பிடிக்காதவரின் பெயரைக் கல்லிலிருந்து கொத்தி எடுப்பது அங்கே பெரிய தண்டனை. மந்திரச் சுருள்களைக் கடையில் சரக்கு மாதிரி முன்கூட்டியே எழுதி வைத்து, பெயருக்கு மட்டும் இடம் விட்டிருப்பார்கள். வாங்குகிறவர் பெயரைப் பிறகு நிரப்பிக்கொள்ளலாம். சில சுருள்களில் அந்த இடம் கடைசிவரை காலியாகவே இருக்கிறது. யாரோ அவசரத்தில் நிரப்ப மறந்திருக்கிறார்கள்.

கல்லறை வாசல்களில் வேறொரு வகை எழுத்து உண்டு. வழியே போகிற உயிருள்ளவர்களைப் பார்த்து இறந்தவர் பேசுவார். எனக்கு ரொட்டி, பீர், மாட்டிறைச்சி, கோழி, துணி கிடைக்க வேண்டும் என்று ஒரு தடவை வாய்விட்டுச் சொல்லிவிட்டுப் போ, உனக்கு அதில் செலவு ஒன்றுமில்லை, மூச்சுதானே என்று கேட்பார். எகிப்தியக் கல்லறைக்கு வாசகர் தேவை. படிக்க ஆள் இருந்தால்தான் உள்ளே இருப்பவருக்குச் சாப்பாடு.

இப்போது அன்னவாசல் பக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் சித்தன்னவாசல் மட்டுமில்லை. குளத்தூர், திருமயம் வட்டாரங்களில் பல ஊர்களில் இப்படிப்பட்ட பெருங்கற்கால இடுகாடுகள் இருக்கின்றன. மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாக்கப்பட்ட சின்னங்கள் பட்டியலில் இந்த மாவட்டத்துக்கு மட்டும் 'வரலாற்றுக்கு முந்தைய இடுகாடு' என்று பல வரிகள் உண்டு. கறம்பக்குடிப் பக்கம் வாழைக்கொல்லை அம்பலத்திடலில் தாழிகள் புதைந்த பெரிய பரப்பே இருக்கிறது.

ஊர்க்காரர்களிடம் கேட்டால் பெயர் சொல்வார்கள். குரங்குப்பட்டறை, பாண்டவர் குழி, மதமதக்கத் தாழி என்று தமிழ்நாட்டில் ஊருக்கு ஒரு பெயர். கதையும் உண்டு. முன்காலத்தில் மனிதர்கள் சாகவே மாட்டார்களாம். வயசாகி வயசாகிச் சுருங்கிக் குழந்தை மாதிரி ஆகிவிடுவார்களாம். அவர்களைத் தாழிக்குள் உட்காரவைத்து, சாப்பாடும் விளக்கும் வைத்து மூடிவிடுவார்களாம். என் பாட்டி சொன்ன கதையும் இதுதான், உங்கள் பாட்டியும் சொல்லியிருக்கலாம். கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் உண்மை இல்லை. 'முதுமக்கள்' என்பதை வயசானவர்கள் என்று எடுத்துக்கொண்டதால் பிறந்த கதை இது. முந்தைய காலத்து மக்கள் என்பதே பொருந்துகிறது. கீழடிக்குப் பக்கத்துக் கொந்தகையில் தாழிகளைத் திறந்தபோது குழந்தைகளின் எலும்புகளும் கிடைத்தன.

பல தாழிகளில் முழு உடலே வைக்கப்படவில்லை. உடலை முதலில் வேறெங்கோ வைத்து, சதை போன பிறகு எலும்புகளைப் பொறுக்கி எடுத்துத் தாழிக்குள் வைப்பது ஒரு முறை. மணிமேகலை அந்தக் காலத்து வழக்கங்களை ஐந்தாகச் சொல்கிறது. எரிப்பது, அப்படியே விட்டுவிடுவது, குழி தோண்டிப் புதைப்பது, தாழ்வான அறையில் அடைப்பது, தாழியால் கவிப்பது. இலக்கியத்தில் இருப்பதையும் மண்ணில் இருப்பதையும் ஒப்பிட்டு, தொல்லியல் அறிஞர் கே.ஆர். சீனிவாசன் 1946ல் 'ஏன்ஷியண்ட் இந்தியா' இதழில் எழுதிய கட்டுரை இன்றைக்கும் இந்தத் துறையில் ஆரம்பப் பாடம்.

பெட்டியைக் கல்லால் செய்தவர்கள்

'தாழ்வான அறை' என்றேன் இல்லையா, அதுதான் புதுக்கோட்டையின் தனிச்சிறப்பு. தொல்லியலில் கற்பதுக்கை என்பார்கள். தரைக்கு அடியில் குழி தோண்டி, கருங்கல் பலகைகளை நாலு பக்கமும் செங்குத்தாக நிறுத்தி, அடியில் ஒரு பலகை, மேலே மூட ஒரு பெரிய பலகை. கல்லால் ஆன சவப்பெட்டிதான். சிமெண்ட் இல்லை, ஆணி இல்லை. பிறகு எப்படி நிற்கிறது?

நாலு பலகைகளையும் சதுரமாக மூலைக்கு மூலை ஒட்டி நிறுத்தியிருந்தால், வெளியே இருக்கும் மண்ணின் அழுத்தத்தில் உள்ளே சாய்ந்துவிடும். அதனால் ஒவ்வொரு பலகையின் ஒரு முனை அடுத்த பலகையைத் தாண்டி வெளியே நீளும்படி, ஸ்வஸ்திக் வடிவத்தில் பூட்டியிருக்கிறார்கள். மண் அழுத்த அழுத்தப் பலகைகள் ஒன்றையொன்று தாங்கி இறுகும். கட்டுமானப் பொறியாளர்கள் இதைப் பார்த்தால் கொஞ்ச நேரம் நின்றுதான் போவார்கள்.

புதுக்கோட்டை வட்டாரக் கற்பதுக்கைகள் சிலவற்றில் உள்ளே இன்னொரு பலகையால் அறையை இரண்டாகத் தடுத்திருக்கிறார்கள். ஒரு வீட்டுக்கு இரண்டு அறை மாதிரி. சுவர்ப் பலகையில் வட்டமாக ஒரு துளை இருக்கும். 'இடுதுளை' என்று பெயர். பல இடங்களில் இது கிழக்குப் பக்கம் பார்த்திருக்கும். எகிப்தில் கண் வரைந்தார்கள், இங்கே துளை போட்டார்கள் என்று ஒப்பிட ஆசையாகத்தான் இருக்கிறது. ஆனால் அங்கே கண் எதற்கு என்று அவர்களே எழுதி வைத்துவிட்டார்கள். இங்கே துளை எதற்கு? ஆவி போய்வர என்கிறார்கள் சிலர். குடும்பத்தில் அடுத்தவர் இறக்கும்போது மறுபடி எலும்பு வைக்க வழி என்கிறார்கள் சிலர். கட்டியவர்கள் ஒன்றும் சொல்லவில்லை.

அலங்காரமே இல்லையா?

இருக்கிறது. ஆனால் எகிப்தைப் பார்த்த கண்ணோடு தேடினால் தெரியாது.

தாழியை எடுத்துக்கொள்வோம். இடுப்பு உயரம் வரும் தடித்த மண் ஜாடி. கழுத்துக்குக் கீழே கயிறு சுற்றியது மாதிரி ஒரு பட்டை ஓடும். ஈர மண்ணில் பட்டையை ஒட்டி, விரல் நுனியால் வரிசையாக அழுத்தி அழுத்திச் செய்தது. குயவரின் விரல் பதிவு அது. பார்க்கச் சாதாரணம், ஆனால் ரெண்டாயிரம் வருஷத்துக்கு மேல் ஆன விரல் என்று நினைத்துப் பார்த்தால் கொஞ்சம் சிலிர்க்கத்தான் செய்யும். சங்கப் பாடல்களில் இரண்டு இடத்தில் இந்தக் குயவரைப் பார்த்துப் பேசுகிறார்கள். இரண்டும் புறநானூற்றில் வருகின்றன. ஒன்றில் கிள்ளிவளவன் என்ற சோழனுக்குத் தாழி செய்ய வேண்டும், அவ்வளவு பெரிய புகழுக்கு எவ்வளவு பெரிய தாழி செய்வாய் என்று புலவர் கேட்கிறார். இன்னொன்றில் கணவனை இழந்த பெண் ஒருத்தி, எனக்கும் சேர்த்து அகலமாகச் செய் என்கிறாள்.

தாழிக்குள்ளும் கற்பதுக்கைக்குள்ளும் சின்னச் சின்னப் பானைகள், கிண்ணங்கள், தட்டுகள் இருக்கும். உள்ளே கன்னங்கரேல், வெளியே செக்கச்சிவப்பு. ஒரே பானையில் இரண்டு நிறம். சாயம் பூசியது இல்லை. சூளையில் கவிழ்த்து வைத்துச் சுட்டால் உள்பக்கத்துக்குக் காற்று கிடைக்காமல் கறுத்துவிடும், வெளிப்பக்கம் சிவக்கும். கறுப்பு சிவப்புப் பானை என்று தொல்லியல் செய்திகளில் அடிக்கடி படிப்பீர்களே, அது இதுதான். இதோடு இரும்புக் கத்தி, ஈட்டி முனை, சூதுபவள மணிகள். கொடுமணலில் ஒரே ஈமச்சின்னத்தில் 2,000க்கும் மேற்பட்ட சூதுபவள மணிகள் கிடைத்தன. இறந்தவருக்குப் பிடித்ததைக் கூட வைப்பது, வசதிக்கேற்ப வைப்பது, இதில் எகிப்தும் நாமும் ஒன்றுதான்.

உருவமே வராமலும் இல்லை. ஆதிச்சநல்லூரில் 2004-05ல் மத்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது, ஒரு தாழிக்குள் இருந்த பானையில் ஒட்டு வேலைப்பாடாக ஒரு பெண், நாரை, மான், முதலை, நெற்பயிர் உருவங்கள் கிடைத்தன. ஆற்றங்கரைக் காட்சி! ஆந்திராவின் கடப்பா பக்கம் சங்கவரத்தில் கிடைத்த ஈமப்பேழை ஆட்டுக்கடா வடிவத்திலேயே இருக்கிறது. தலை, கொம்பு, கீழே வரிசையாகக் கால்கள். அதைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்துக்குக் கொண்டுவந்தார்கள். இறந்தவரை ஓர் ஆட்டுக்கடாவின் வயிற்றுக்குள் வைத்து அனுப்பியிருக்கிறார்கள் என்றால், அதற்குப் பின்னால் ஒரு பெரிய கதை இருந்திருக்க வேண்டும். அந்தக் கதையை யாரும் எழுதி வைக்கவில்லை.

எழுத்துக்குக் கிட்டே வந்த கீறல்கள்

பானைகளின் தோள்பட்டையில் சில சமயம் கூரான எதையோ வைத்துக் கீறிய குறியீடுகள் இருக்கும். ஏணி, மீன், அம்பு, நட்சத்திரம் மாதிரி வடிவங்கள். சூளையில் சுட்ட பிறகு, வீட்டில் வைத்துக் கீறியவைதான் அதிகம். சிந்துவெளிக் குறியீடுகளுக்கும் இதற்கும் உள்ள ஒற்றுமையை பி.பி. லால் 1960லேயே ஒரு கட்டுரையில் பட்டியல் போட்டார். அண்மையில் தமிழகத் தொல்லியல் துறை 140 இடங்களிலிருந்து 15,000க்கும் மேற்பட்ட கீறல் ஓடுகளைத் தொகுத்து ஒப்பிட்டது. சிந்துவெளி எழுத்தைப் படிப்பவருக்கு 10 லட்சம் டாலர் பரிசு என்று 2025 ஜனவரியில் முதல்வர் அறிவித்தாரே, அதே மேடையின் தொடர்ச்சிதான் இது.

இந்தக் கீறல் குலத்தின் அடையாளமா, பானைக்குச் சொந்தக்காரரின் முத்திரையா, செய்தவரின் கணக்கா? ஒற்றுமை இருக்கிறது என்பது வேறு, அர்த்தம் தெரியும் என்பது வேறு. வாட்ஸ்அப் ஃபார்வர்டுகள் இந்த இரண்டையும் ஒன்றாக்கிவிடுகின்றன.

பிறகு தமிழி வந்தது, அதாவது தமிழ் பிராமி. அந்த எழுத்து ஈமக்குழிக்குள் போன அபூர்வமான சம்பவமும் உண்டு. பழனி அருகே பொருந்தலில் 2009-10ல் பேராசிரியர் கா. ராஜன் குழுவினர் ஓர் ஈமச்சின்னத்தைத் தோண்டினார்கள். நாலு கால் ஜாடி ஒன்றில் சுமார் இரண்டு கிலோ நெல். பக்கத்தில் பானையை உட்காரவைக்கும் வளையம் போன்ற தாங்கி. அதில் 'வயிர' என்று மூன்றே எழுத்து. நெல்லைக் காலக்கணிப்புக்கு அனுப்பியபோது கி.மு. 490 என்று வந்தது. ஒரே ஒரு நெல் மாதிரியை வைத்து எழுத்தின் காலத்தை அவ்வளவு பின்னுக்குத் தள்ள முடியுமா என்று கல்வெட்டு அறிஞர்கள் சிலர் கேட்டார்கள். விவாதம் நடந்தது, நடக்கிறது. எப்படி இருந்தாலும், மூன்று எழுத்து. ஓர் எகிப்தியச் சவப்பெட்டியின் மூலையில் இருப்பதைவிடக் குறைவு.

எழுதத் தெரியாததால் எழுதவில்லை என்று சொல்லிவிட முடியாது. கொடுமணல், கீழடி என்று மக்கள் வாழ்ந்த இடங்களில் பானை ஓடுகளில் ஆதன், குவிரன் என்று சர்வ சாதாரணமாகப் பெயர் எழுதியிருக்கிறார்கள். அந்தப் பழக்கம் கடல் தாண்டி எகிப்துக்கே போயிருக்கிறது. செங்கடல் கரையில் குசேர் அல் காதிம் துறைமுகத்தில் கண்ணன், சாதன் என்று தமிழ்ப் பெயர் கீறிய ஓடுகள் கிடைத்தன. வீட்டுப் பானையில் பெயர் எழுதியவர்கள், கல்லறைக்குள் மட்டும் கிட்டத்தட்ட எதுவும் எழுதவில்லை.

பெயர் வெளியே வந்தது

அப்படியென்றால் நம்மவர்கள் இறந்தவரின் பெயரை எங்கே எழுதினார்கள்? மண்ணுக்கு வெளியே, நடுகல்லில்.

தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் 2006ல் தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகக் குழு மூன்று நடுகற்களைக் கண்டுபிடித்தது. ஒன்றில் 'கல் பேடு தீயன் அந்தவன் கூடல் ஊர் ஆகோள்' என்று தமிழியில் இருக்கிறது. கூடலூரில் நடந்த ஆநிரைப் போரில் இறந்த பேடு தீயன் அந்தவனின் கல். ஆளின் பெயர், ஊர், செத்த காரணம், முடிந்தது விஷயம். இன்றைக்கு ஊர்ச்சுவரில் ஒட்டும் கண்ணீர் அஞ்சலி போஸ்டரைவிடச் சுருக்கம்.

புதுக்கோட்டைக்கும் இதில் பங்கு உண்டு. நகரத்திலிருந்து சில கிலோமீட்டரில் இருக்கும் பொற்பனைக்கோட்டையில், சங்ககாலக் கோட்டையின் பகுதியில், தமிழி எழுத்துள்ள நடுகல் ஒன்று கிடைத்தது. அந்தக் கோட்டையில் முதலில் 2021ல் தமிழ்நாடு திறந்தநிலைப் பல்கலைக்கழகமும், 2023லிருந்து மாநிலத் தொல்லியல் துறையும் அகழாய்வு செய்தன. மூக்குத்தி போன்ற சின்னத் தங்க அணி, எலும்பு முனைக் கருவி, செங்கல் கட்டுமானம் எல்லாம் வெளியே வந்தன. தங்கம் செய்தியானது. ஆனால் என் கணக்கில் அந்த நடுகல்தான் பெரிய விஷயம். அலங்காரம் இல்லாத கல், அதில் சில வரி எழுத்து, அவ்வளவுதான்.

நடுகல் நடுவதற்குத் தொல்காப்பியம் ஆறு படி சொல்கிறது. நல்ல கல்லைத் தேடிப் பார்ப்பது, எடுத்து வருவது, நீராட்டுவது, நடுவது, படையல் வைப்பது, வாழ்த்துவது. எழுத்துப் பொறித்த நடுகல்லைப் பற்றி ஐங்குறுநூறு பேசுகிறது. வழியில் அப்படியொரு கல்லைப் பார்த்தால் கும்பிட்டுவிட்டுப் போகச் சொல்கிறது மலைபடுகடாம். எகிப்தியக் கல்லறை வாசல் வழிப்போக்கரிடம் கேட்டதைத்தான் இந்தக் கல்லும் கேட்கிறது. வித்தியாசம் இது: அங்கே சவப்பெட்டியே வாசகம். இங்கே தாழி ஓரிடம், எழுத்து வேறிடம். எழுத்து இறந்தவருக்காக இல்லை, ரோட்டில் போகிறவருக்காக. அதுவும் சண்டையில் செத்தவருக்குத்தான் பெரும்பாலும் அந்த மரியாதை. வயலில் உழைத்தவர், பிள்ளை பெற்றுச் செத்தவர், குழந்தைகள், எல்லோரும் பெயரில்லாமல் மண்ணுக்குள்.

சரி, இதனால் என்ன?

இதனால்தான் பிரச்சினையே. லண்டன் மியூசியத்தில் இருக்கும் எகிப்தியச் சவப்பெட்டியை எந்த மண்ணிலிருந்து யார் எடுத்தார் என்று தெரியாவிட்டாலும், அது தன் பெயரைச் சொல்லும், அப்பா அம்மா பெயரைச் சொல்லும், என்ன வேலை பார்த்தார் என்று சொல்லும். எழுத்து அதிலேயே இருக்கிறது. அன்னவாசல் பக்கத்துத் தாழியைப் பிடுங்கி ஓரமாக வைத்துவிட்டால் அது வெறும் பானை. அதன் 'எழுத்து' அது கிடந்த கிடைதான். எந்த எலும்பு மேலே, எது கீழே, மண்டை ஓடு எந்தத் திசை, கிண்ணம் தாழிக்கு உள்ளேயா வெளியேயா, அடியில் ஒட்டியிருந்த நெல், உமி, கரி. இதையெல்லாம் ஒவ்வொரு அங்குலமாக அளந்து எழுதினால்தான் வாசகம் கிடைக்கும். ஜேசிபியின் ஒரே வாளி போதும், புத்தகம் காலி.

சும்மா சொல்லவில்லை. தூத்துக்குடி மாவட்டம் சிவகளையில் ஒரு தாழிக்குள் இருந்த நெல்தான் கி.மு. 1155 என்ற காலத்தைச் சொன்னது. மூடி உடையாமல் கிடைத்த ஒரு தாழி அங்கே இன்னும் முக்கியம். அதிலிருந்த நெல்லும், அந்த இடுகாட்டின் கரி மாதிரிகளும் சேர்ந்துதான் 2025 ஜனவரியில் வெளியான 'இரும்பின் தொன்மை' அறிக்கையை உலகச் செய்தியாக்கின. கி.மு. 3345 வரை போகும் காலம். கொந்தகையில் கிடைத்த இரண்டு மண்டை ஓடுகளை வைத்து இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகத்தில் முகங்களை மீட்டுருவாக்கினார்கள். 2025ல் அந்தப் படத்தைப் பார்த்த பலரும், 'அட, நம்ம சித்தப்பா மாதிரியே இருக்காரே' என்று பகிர்ந்தார்கள். யாரும் கலைக்காமல் விட்டதால் கிடைத்த முகம் அது.

புதுக்கோட்டை மண் செம்மண், செம்புறாங்கல் மண். கிராவல் மண்ணுக்கு எப்போதும் கிராக்கி. தாழிகள் புதைக்கப்பட்டதும் இதே மேட்டு நிலங்களில்தான், ஏனென்றால் அந்தக் காலத்தவர் விளைநிலத்தை விட்டுவிட்டு, விவசாயத்துக்கு ஆகாத கரட்டு நிலத்தை இடுகாட்டுக்கு ஒதுக்கினார்கள். அவர்கள் 'எதற்கும் ஆகாது' என்று விட்ட நிலம்தான் இன்றைக்கு குவாரிக்கும், தைல மரத்துக்கும், வீட்டு மனைக்கும் முதலில் கண்ணில் படுகிறது. கல்வட்டத்தின் கற்களை எடுத்து வரப்பு கட்டுவது, வேலிக்கு முட்டுக் கொடுப்பது எல்லாம் யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. அது என்ன என்று தெரியாமல் செய்வதுதான். புதையல் ஆசையில் தோண்டுகிறவர்கள் வேறு ரகம். தாழிக்குள் தங்கக் குடம் இருக்கும் என்று நம்பி உடைத்தவர்களுக்குக் கிடைப்பது பெரும்பாலும் எலும்புத் துண்டும் துருப்பிடித்த இரும்பும்தான்.

கண்ணில் பட்டால் என்ன செய்யலாம்?

மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இடம் என்றால் சட்டம் தெளிவு. 1958ம் ஆண்டுச் சட்டமும் 2010ல் வந்த திருத்தமும் சேர்ந்து, எல்லையிலிருந்து 100 மீட்டர் வரை புதுக் கட்டுமானத்துக்குத் தடை விதிக்கின்றன. அதற்கு மேல் 200 மீட்டர் வரை அனுமதி வாங்க வேண்டும். சின்னத்தைச் சேதப்படுத்தினால் 2 வருஷம் வரை சிறை அல்லது 1 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

பலகை இல்லாத இடங்கள்தான் அதிகம். வீட்டுக்கு வானம் தோண்டும்போதோ, கண்மாய் தூர்வாரும்போதோ வட்டமாக ஒரு பானை வாய் தெரிந்தால், முதலில் தோண்டுவதை நிறுத்துங்கள். வெளியே எடுக்காதீர்கள், கழுவாதீர்கள், உள்ளே இருக்கும் மண்ணைக் கொட்டாதீர்கள். அந்த மண்தான் ஆதாரம். பக்கத்தில் ஒரு ஸ்கேலோ பேனாவோ வைத்து அளவு தெரிகிற மாதிரி போட்டோ எடுங்கள், லொகேஷனைக் குறித்துக்கொள்ளுங்கள். விஏஓவிடமோ தாசில்தாரிடமோ சொல்லுங்கள். திருக்கோகர்ணத்தில் இருக்கும் புதுக்கோட்டை அருங்காட்சியகத்துக்கும் தகவல் கொடுக்கலாம். 1910ல் சமஸ்தான காலத்தில் தொடங்கியது, இந்த மண்ணின் விஷயம் அவர்களுக்குப் புதுசு இல்லை. 1878ம் ஆண்டு புதையல் சட்டம் இன்னும் நடைமுறையில் இருக்கிறது. அதன்படி மண்ணுக்கடியில் கிடைத்தது 10 ரூபாய் மதிப்புக்கு மேல் என்றாலே கலெக்டருக்குத் தெரிவித்தாக வேண்டும். அந்த 10 ரூபாய் வெள்ளைக்காரன் காலத்து 10 ரூபாய், யாரும் மாற்றவில்லை.

'சொன்னா நிலத்தைப் புடுங்கிக்குவாங்க' என்ற பயம் ஊர்ப்புறத்தில் நிறைய உண்டு. அதனாலேயே ராத்திரியோடு ராத்திரியாக உடைத்து மூடிவிடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு தாழி கிடைத்த உடனே பட்டா ரத்தாகிவிடாது. ஆய்வு செய்து எடுத்துக்கொண்டு போன பிறகு உழவு தொடர்ந்த நிலங்கள் உண்டு. இதை அதிகாரிகளே ஊர் ஊராகப் போய்ச் சொன்னால் பாதிப் பிரச்சினை தீரும் என்று தோன்றுகிறது.

எடுத்து மியூசியத்தில் வைப்பது மட்டும்தான் வழி என்றும் இல்லை. ஆதிச்சநல்லூரில் 2023 ஆகஸ்டில் திறந்த கள அருங்காட்சியகத்தில், தோண்டிய குழிகளின் மேல் கண்ணாடித் தளம் போட்டிருக்கிறார்கள். காலடியில் தாழிகள் கிடந்தது கிடந்தபடியே தெரியும். சித்தன்னவாசல் அடிவாரத்தில் அந்த வசதி இல்லை. அங்கே போவதானால் காலை ஏழு, ஏழரைக்குப் போய்விடுங்கள். வெயில் சாய்வாக விழும்போதுதான் புல்லுக்கும் முள்ளுக்கும் நடுவே கல்வட்டத்தின் முழு வளைவும் கண்ணுக்குத் தெரியும். பத்து மணிக்கு மேல் போனால் மறுபடியும் வெறும் கல்லுதான்.